வானத்தைப் பார்த்துக் குரைக்கும் நாய்: ஐஸ்லாந்து ஆட்டு நாயைப் பற்றித் தெரிந்தவர்கள் வாருங்கள்

செவலைக்கன்று

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீட்டில் இரண்டு சிப்பிப்பாறை இருக்கின்றன. அதனால் இதுவரை நாட்டு நாய் இழைகளில் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். நேற்று ஒரு காணொளி பார்த்ததிலிருந்து மனசு அதையே சுற்றி வருகிறது. புல் மூடிய மலைச்சரிவு, நிறைய செம்மறிகள், அவற்றுக்குப் பின்னால் நரி முகமும் சுருண்ட வாலுமாக ஒரு செம்பழுப்பு நாய். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனது சட்டென்று நின்று, தலையைத் தூக்கி, வெறும் வானத்தைப் பார்த்துக் குரைத்தது. பிறகு எதுவும் நடக்காத மாதிரி மறுபடி ஓட்டத் தொடங்கியது. பின்னங்கால்களில் கூடுதலாக இரண்டிரண்டு விரல்கள் தொங்கின.

ஐஸ்லாந்து ஆட்டு நாய் என்று கீழே போட்டிருந்தார்கள். ஒரு காலத்தில் அழியும் நிலைக்கு வந்த இனம் என்று ஒரே ஒரு வரி, அவ்வளவுதான். ஏன் அழியப் பார்த்தது? வானத்தைப் பார்த்து எதற்குக் குரைக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடகடல்

தம்பி, இந்த இழைக்காகவே காத்திருந்தேன் என்று சொல்லலாம். நான் டென்மார்க்கில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் எட்டு வருடமாக இந்த இனத்து நாய் ஒன்று இருக்கிறது. பெயர் ஸ்னாட்டி. என் அம்மா மட்டும் சின்னத்தம்பி என்று கூப்பிடுவார், அதற்கும் வாலாட்டிக்கொண்டு ஓடி வரும்.

முதலில் வானம். ஐஸ்லாந்தில் வசந்த காலத்தில் குட்டி போடும் ஆடுகளுக்குப் பெரிய தொல்லை அண்டங்காக்கை. பிறந்து ஈரம் காயாத குட்டியின் கண்ணைக் கொத்திவிடும். கழுகும் உண்டு. மேலேயிருந்து வருகிறதைக் குரைத்து விரட்டுவது இந்த நாயின் வேலைகளில் ஒன்று. தலைமுறை தலைமுறையாக அதைச் செய்து பழகிய இரத்தம். ஸ்னாட்டி பிறந்ததிலிருந்து ஆட்டுக்குட்டியைக் கிட்டப் பார்த்ததில்லை. ஆனாலும் கடற்கரையில் நடக்கும்போது ஒரு நீர்க்காகம் தாழப் பறந்தால் போதும், நின்று, கழுத்தை நீட்டி, மேலே பார்த்து நாலு குரல் கொடுத்துவிட்டுத்தான் நகரும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கூடுதல் விரல் குறை இல்லை. பின்னங்காலில் இரட்டையாக இருப்பதைத்தான் இந்த இனத்தில் விரும்புகிறார்கள். நிலத்தில் படாததால் அந்த நகங்கள் தேயாது. வெட்டாமல் விட்டால் வளைந்து சதைக்குள் போய்விடும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை அதுதான் சடங்கு: நான் காலைப் பிடிக்க, மகள் வெட்ட, அது எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறி நக்கும்.

உருவத்தில் நடுத்தரம். ஆண் 46 சென்டிமீட்டர், பெண் 42 அளவு. உள்ளே பஞ்சு மாதிரி ஒரு ரோமம், வெளியே மழை ஒட்டாத இன்னொரு ரோமம். செம்பழுப்பு, சாக்லேட் பழுப்பு, சாம்பல், கறுப்பு எல்லாம் உண்டு, எதுவானாலும் வெள்ளை கலந்திருக்கும்.

பெயரையும் சொல்லிவிடுகிறேன், அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அவர்கள் மொழியில் இதற்கு ஃபியார்ஹுண்டுர் என்று பெயர். ஹுண்டுர் என்றால் நாய். ஃபியார் என்பது ஃபியே என்ற சொல்லிலிருந்து வருகிறது. ஃபியே என்றால் ஆடு, அதே சொல்லுக்குப் பணம் என்றும் பொருள். பழந்தமிழில் மாடு என்றால் செல்வம் என்று படித்தோமே, அதே கதைதான். எங்கேயோ வடகோடியில் இருக்கிறவர்களும் கால்நடையையும் செல்வத்தையும் ஒரே சொல்லில்தான் வைத்திருக்கிறார்கள்.

கிடைக்காரன்

அக்கா, அருமை. நான் ராமநாதபுரம் பக்கம். அப்பா நாற்பது வருடம் கிடை போட்டவர். கிடை போடுவது என்றால் அறுவடை முடிந்த வயலில் இரவெல்லாம் ஆட்டை அடைத்து வைப்பது, புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். எங்கள் நாய்களுக்கு இரவில்தான் வேலை. பகலில் ஆட்டோடு நடந்து வந்து மர நிழலில் படுத்துவிடும். இருட்டிவிட்டால் கிடையைச் சுற்றிச் சுற்றி வரும். நரி, திருடன், யார் வந்தாலும் விடாது. ஆட்டை ஓட்டுகிற வேலையை நாயிடம் நாங்கள் கொடுத்ததில்லை, அது கம்பு வைத்திருக்கிற ஆளின் வேலை.

அதனால் எனக்கு ஒரு சந்தேகம். இந்த நாய் ராத்திரியில் என்ன செய்யும்? ஓநாய் வந்தால் நிற்குமா?

வடகடல்

நல்ல கேள்வி. பதில் எளிது: ஐஸ்லாந்தில் ஓநாயே இல்லை. மனிதர்கள் போய்ச் சேரும் முன் அந்தத் தீவில் இருந்த ஒரே தரைவாழ் பாலூட்டி துருவ நரிதான். அதனால் மந்தையோடு படுத்து ஓநாயோடு மல்லுக்கட்டுகிற பெரிய காவல் நாய் அங்கே தேவைப்படவில்லை. ஆபத்து வந்தது வானத்திலிருந்து. உழைப்பு வந்தது மலையிலிருந்து.

மலை என்று ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே கோடையில் ஆடுகளுக்கு மேய்ப்பனே கிடையாது. குட்டிகளோடு மலைக்கு ஏற்றி விட்டுவிடுவார்கள். வேலியும் இல்லை, ஆளும் இல்லை. செப்டம்பரில் ஊரே குதிரையில் ஏறிப் போய்க் கூட்டி வரும். அந்தத் திரட்டலுக்கு ரியெத்திர் என்று பெயர். சில வருடங்களுக்கு முன் வடக்கு ஐஸ்லாந்தில் ஒரு பண்ணையில் தங்கி அதைப் பார்த்தேன்.

காலையில் பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம். கீழே வேலிக்கருகில் நின்ற எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. முதலில் வந்தது குரைப்புச் சத்தம். தொலைவில் இடப்பக்கம் ஒன்று, பிறகு அதற்கு மேலே இன்னொன்று. பக்கத்தில் நின்ற பண்ணைக்காரப் பெரியவர் சத்தம் வந்த பக்கம் கையைக் காட்டி, எந்த ஓடைக்குப் பக்கத்தில் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாயின் குரலை வைத்தே அவருக்குக் கணக்கு. அரைமணி கழித்து மூட்டத்துக்குள்ளிருந்து ஆடுகள் வரிசை வரிசையாகப் பிதுங்கி வந்தன. பின்னால் நாய்கள், நாக்கு தொங்க, வால் மட்டும் சுருள் குலையாமல்.

அப்புறம் பட்டி. வட்டமான பட்டி, நடுவில் ஒரு திடல், சுற்றிலும் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி தடுப்புகள். ஒவ்வொரு தடுப்பும் ஒரு பண்ணைக்கு. நடுவில் எல்லா ஆடும் கலந்து நிற்கும். காதில் வெட்டியிருக்கிற அடையாளத்தைப் பார்த்து, கொம்பைப் பிடித்து, இரண்டு காலுக்கும் நடுவே ஆட்டை இடுக்கிக்கொண்டு அவரவர் தடுப்புக்கு நடத்துவார்கள். பத்து வயதுப் பிள்ளைகளும் செய்கிறார்கள். நானும் ஒரு ஆட்டைப் பிடித்தேன். அது என்னைத் திடல் முழுக்க இழுத்துக்கொண்டு போனது.

ஆகவே இந்த நாய் அதிகம் குரைக்கிறது என்று யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். பனிமூட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத நாய்க்குக் குரல்தான் உடம்பு.

மணி_மேலூர்

ஐஸ்லாந்துப் பழங்கதையில் குன்னர் என்ற வீரனுக்கு ஸாமுர் என்று ஒரு நாய் உண்டு. எதிரிகள் வீட்டைச் சூழும்போது முதலில் நாயைக் கொல்வார்கள், அதன் ஊளையைக் கேட்டுத்தான் குன்னர் விழிப்பான். அது இந்த இனம்தானே? அப்படியானால் ஆயிரம் வருடப் பெருமை.

பழைய_ஏடு

மணி, நீங்கள் சொல்வது நியால் கதை. ஆனால் அதே கதையிலேயே அந்த நாய் அயர்லாந்திலிருந்து வந்தது என்று இருக்கிறது. ஓலாவ் என்பவர் குன்னருக்குப் பரிசாகக் கொடுத்தது, பெரிய உருவம். ஆகவே ஸாமுரை இந்த இனத்தோடு சேர்க்க முடியாது. நாய்ப் பிரியர்கள் பல இடங்களில் சேர்த்து எழுதுகிறார்கள் என்பதால்தான் சொல்கிறேன்.

வயது பற்றிச் சந்தேகம் வேண்டாம். 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்வேயிலிருந்து குடியேறியவர்கள் ஆடு, குதிரை, நாய் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிக்கொண்டுதான் வந்தார்கள். குடியேற்றம் 874 வாக்கில் தொடங்கியதாகச் சொல்வது மரபு. பிற்காலத்தில் ஐஸ்லாந்து நாய்கள் இங்கிலாந்து வரை போயிருக்கின்றன. ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் ஒருவன் இன்னொருவனை ஐஸ்லாந்து நாய் என்று வைகிறான். அந்த வசவு அரங்கில் எடுபட்டிருக்கிறது என்றால் லண்டன்காரர்களுக்கு அந்த நாய் தெரிந்திருக்கிறது என்றுதானே பொருள்?

ஆனால் 1570இல் ஜான் கையஸ் என்ற ஆங்கில மருத்துவர் லத்தீனில் நாய்களைப் பற்றி எழுதியபோது, ஐஸ்லாந்து நாய்க்கு முகமே தெரியாத அளவு முடி என்கிறார். ஷேக்ஸ்பியருடைய நாய்க்கோ காது நிமிர்ந்திருக்கிறது. அந்தக் காலத்தில் ஐஸ்லாந்து நாய் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை இங்கிலாந்தில் இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். காது நிமிர்ந்ததுதான் நம் இழையின் நாயகன்.

மணி_மேலூர்

திருத்தியதற்கு நன்றி ஐயா. அயர்லாந்து விஷயம் எனக்குத் தெரியாது.

மாட்டு_டாக்டர்

கால்நடை மருத்துவன் என்ற முறையில் அழிவுப் பகுதியை நான் எழுதுகிறேன். இரண்டு காரணங்கள், இரண்டும் நோய்தான்.

முதலாவது டிஸ்டெம்பர். தனித்தீவில் வாழ்ந்த நாய்களுக்கு இதற்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. வெளிநாட்டுக் கப்பலில் வந்த நாய் கொண்டுவந்தால் தீவு முழுக்கப் பரவும், சாக வேண்டியவை செத்ததும் அடங்கும், சில வருடம் கழித்து அடுத்த கப்பலில் மறுபடி வரும். 19ஆம் நூற்றாண்டில் இப்படிப் பலமுறை வந்தது. ஐஸ்லாந்து நாய்களில் முக்கால்வாசி செத்துப்போனதாகச் சொல்கிறார்கள். நாய் இல்லாமல் மலையிலிருந்து ஆட்டை இறக்க முடியாது. ஒரு நாய்க்கு ஒரு குதிரையும் இரண்டு ஆடும் கொடுத்து வாங்கினார்களாம். கடைசியில் 1901இல் வெளிநாட்டிலிருந்து நாய் கொண்டுவருவதையே தடை செய்தார்கள்.

இரண்டாவது நாடாப்புழு. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊரிலும் உள்ள புழு இது. நாயின் குடலில் அரிசி நீளம்கூட வராத ஒரு நாடாப்புழு இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாது. அதன் முட்டை நாயின் மலத்தோடு புல்லில் விழும், ஆடு மேயும்போது உள்ளே போய் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக வளரும். ஆட்டை அறுக்கிறவர் கட்டி உள்ள ஈரலை நாய்க்குப் போட்டால் சுற்று முழுமையாகிவிட்டது. மனிதன் நாயைத் தடவிய கையோடு சாப்பிட்டால் அவன் வயிற்றிலும் அதே கட்டி. 19ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் இந்த நோய் மிக அதிகம். ஆடு, நாய், மனிதன் மூவரும் ஒரே புல்வீட்டில் நெருங்கி வாழ்ந்த நாடு அல்லவா.

1863இல் ஹரால்ட் கிராப்பே என்ற டேனிஷ் ஆய்வாளர் அங்கே போய் 100 நாய்களை அறுத்துப் பார்த்தார். 28 நாய்களில் அந்தப் புழு. அடுத்த வருடமே ஐஸ்லாந்து மொழியில் சாதாரண மக்களுக்குப் புரியும்படி ஒரு சிறு புத்தகம் எழுதி, வீடுகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. கட்டி உள்ள உறுப்பை நாய்க்குப் போடாதே, புதை, எரி. 1869இல் சட்டம் வந்தது, நாய்க்கு வரியும் வந்தது. 1890இல் நாய்களுக்கு ஆண்டுதோறும் புழு நீக்க மருந்து கட்டாயம். 1924இல் தலைநகர் ரேக்யவீக்கில் நாய் வளர்க்கவே தடை, அது 1984 வரை நீடித்தது.

பொது சுகாதாரம் என்று பார்த்தால் இது பெரிய வெற்றி. ஐஸ்லாந்து அந்தப் புழுவை ஒழித்துக் காட்டியது. அந்தச் சிறு புத்தகத்தை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கும். மருந்து வருவதற்கு முன்னால், சொல்லிப் புரியவைத்தே பாதி வேலையை முடித்திருக்கிறார்கள். இதைப் படிக்கிற எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள்: ஆடு அறுக்கும் இடத்தில் கட்டி உள்ள ஈரலைத் தெருநாய்க்கு எறிய விடாதீர்கள். உங்கள் நாய்க்குப் புழு மருந்து கொடுக்கத் தவறாதீர்கள்.

செவலைக்கன்று

டாக்டர் ஐயா, குதிரையும் இரண்டு ஆடும் கொடுத்து வாங்கிய நாய்க்கு, அதே காலத்தில் வரியும் போட்டிருக்கிறார்கள். படிக்கும்போது மனசு கனத்துவிட்டது.

மாட்டு_டாக்டர்

வரி போட்டவர்கள் மேல் கோபப்பட முடியாது தம்பி. வயிற்றில் தேங்காய் அளவு கட்டியோடு செத்த பிள்ளைகளின் பெற்றோர் அவர்கள். பண்ணைக்குத் தேவையான நாய்க்கு வரி குறைவு, வேலையில்லாத நாய்க்கு அதிகம். எண்ணிக்கையைக் குறைப்பதுதான் நோக்கம்.

வடகடல்

இனி மீட்ட கதை. மார்க் வாட்சன் என்ற ஆங்கிலேயர். இளவயதிலேயே ஐஸ்லாந்து மேல் பற்று. 1938இல் கிலைம்பைர் என்ற பழைய புல்வீட்டுப் பண்ணையைக் காப்பாற்ற 200 பவுண்டு கொடுத்தவர். அந்த வீடு இன்று அருங்காட்சியகம், நான் போயிருக்கிறேன். சுவரெல்லாம் புல் மண்ணைச் செங்கல் மாதிரி வெட்டி அடுக்கியது, உள்ளே போனால் வெளிச்சத்தம் அப்படியே அறுந்துவிடும்.

1950களில் அவர் திரும்பிப் போனபோது பழைய நாய்கள் எங்கும் கண்ணில் படவில்லை. ஒதுங்கிய இடங்களில்தான் எஞ்சியிருந்தன. கிழக்கே பிரெய்த்தாலுர் என்ற பள்ளத்தாக்கில் மட்டும் பெரும்பாலான நாய்கள் பழைய சாயலோடு இருந்தன. ஊர் ஊராகத் தேடி, சிலவற்றை வாங்கி, கலிபோர்னியாவில் இருந்த தன் பண்ணைக்குக் கொண்டுபோனார். ஐஸ்லாந்து நாயைப் பற்றி 1956இல் ஒரு நூலும் வெளியிட்டார். கடல் தாண்டிய நாய்களில் சில அங்கேயும் டிஸ்டெம்பரில் செத்தன என்பதுதான் கொடுமை.

ஆனால் எனக்கு அவரைவிட ஒரு படி மேலே தெரிகிறவர் சிக்ரீதுர் பீட்டுர்ஸ்டோட்டிர். தெற்கு ஐஸ்லாந்தில் ஓலாவ்ஸ்வெட்லிர் என்ற பண்ணையில் 1967 வாக்கில், நாட்டின் தலைமைக் கால்நடை மருத்துவராக இருந்த பால் பால்சனின் துணையோடு, இந்த இனத்தை முறையாகப் பெருக்கத் தொடங்கினார். கையில் இருந்தவை சில நாய்கள். அவையும் ஒன்றுக்கொன்று உறவு. அதை வைத்துக்கொண்டு பொறுமையாக, தலைமுறை தலைமுறையாகச் செய்தார். 1969இல் ஐஸ்லாந்து நாய் வளர்ப்போர் சங்கம் தொடங்கியது, இந்த இனத்தைக் காப்பது அதன் முதல் நோக்கங்களில் ஒன்று. 1979இல் இந்த இனத்துக்கென்றே தனிச் சங்கம். 1996இல் பல நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு. எந்த நாயை எதோடு சேர்த்தால் உறவு நெருக்கம் குறையும் என்று நாடு தாண்டிப் பார்க்கிறார்கள். ஸ்னாட்டியின் அப்பா ஒரு நாடு, அம்மா ஒரு நாடு.

ஜூலை 18 வாட்சனின் பிறந்த நாள். 2016இலிருந்து அதைத்தான் ஐஸ்லாந்து ஆட்டு நாய் நாளாகக் கொண்டாடுகிறார்கள். போன ஜூலையில் எங்கள் ஊர்ப் பூங்காவில் பதினோரு நாய்கள் சேர்ந்தன. சத்தத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

காவிரிக்கரை

எல்லாம் சரி. ஆனால் ஒன்று கேட்க வேண்டும், யாரும் தவறாக நினைக்க வேண்டாம். ஐஸ்லாந்துப் பண்ணைகளிலேயே இப்போது பார்டர் கோலிதான் அதிகம் வேலை செய்கிறது என்று கேள்விப்பட்டேன். வேலையை இன்னொரு நாய் நன்றாகச் செய்கிறது என்றால், இதைப் பிடித்து வைத்திருப்பது ஏன்?

வடகடல்

உண்மைதான், நான் பார்த்த திரட்டலிலும் பார்டர் கோலிகள் இருந்தன. அது பதுங்கி, கண்ணாலேயே ஆட்டை நிறுத்தும். சொன்ன இடத்தில் சொன்னபடி திருப்பும். எங்கள் நாய் நிமிர்ந்து ஓடி, குரைத்து, கலைந்ததை ஒன்றாகத் தள்ளும். நுணுக்கத்தில் கோலியை மிஞ்ச முடியாது.

நான் ஏன் வேண்டும் என்கிறேன் என்றால், இந்த நாய் யாரும் ஏவாமல் வேலை செய்யும். பார்டர் கோலி கண்ணைத் திருப்பித் திருப்பி ஆளைப் பார்க்கும். பண்ணைப் பெரியவர் சொன்னார்: பழைய நாய்க்கு வீட்டு ஆடு எது, பக்கத்து வீட்டு ஆடு எது என்று தெரியும், மேய்ச்சல் புல்லில் அடுத்தவன் குதிரை நுழைந்தால் தானாகப் போய் விரட்டிவிட்டு வரும். பனியில் புதைந்த ஆட்டை மோப்பம் பிடிக்கும். இந்த அறிவு ஒரு நாளில் வந்ததில்லை. விட்டுவிட்டால் மறுபடி உண்டாக்க முடியாது.

கிடைக்காரன்

காவிரிக்கரை அண்ணே, எங்கள் பக்கம் இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் கிடை நாய்கள் போயின. கம்பிவேலி வந்தது, டார்ச் வந்தது, நாய் எதற்கு என்றார்கள். இன்று அப்பா வைத்திருந்த மாதிரி நாய் ஒன்று வேண்டும் என்று தேடினால் கிடைக்கவில்லை. எந்த ஊரில் எது இருந்தது என்று எழுதி வைக்கக்கூட ஒரு சிக்ரீதுர் அம்மா எங்களுக்கு இல்லை.

காவிரிக்கரை

புரிகிறது தம்பி. கேட்டதில் தப்பில்லை என்று நினைக்கிறேன், பதிலும் கிடைத்துவிட்டது.

ஒஸ்லோ_குமரன்

இதன் உறவுக்காரன் எங்கள் வீட்டில் இருக்கிறான், நார்வேயின் புஹுண்ட். அதே நிமிர்ந்த காது, சுருண்ட வால், ஓயாத வாய். இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒரு வித்தியாசம்: புது ஆள் வீட்டுக்கு வந்தால் இவன் முதலில் யோசிப்பான். ஐஸ்லாந்துக்காரன் யோசிப்பதே இல்லை, நேராக மடியில்தான்.

செவலைக்கன்று

கடைசியாக ஒரு ஆசைக் கேள்வி. கோவில்பட்டியில் வளர்க்க முடியுமா? குளிர்சாதன அறை போட்டுக்கூடத் தருவேன்.

மாட்டு_டாக்டர்

வேண்டாம் தம்பி. உள்ளே பஞ்சு ரோமம், மேலே மழைக்கோட்டு. உங்கள் ஊர் மே மாதத்தில் மதியம் பத்து நிமிடம் வெளியே விட்டால் மூச்சிரைத்து விழுந்துவிடும். முடியை மழித்தாலும் தீராது. அறைக்குள்ளேயே வைத்தால் உடம்பு பிழைக்கும், ஆனால் மலையில் நாள் முழுக்க ஓடப் பிறந்ததை நான்கு சுவருக்குள் பன்னிரண்டு வருடம் வைத்திருப்பீர்களா?

வடகடல்

டாக்டர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. இங்கே ஜூலையில் 28 டிகிரி வந்தாலே ஸ்னாட்டி குளியலறைத் தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு படுத்துவிடும், சோற்றுக்குக்கூட எழும்பாது.

செவலைக்கன்று

சரி, ஆசையை விட்டுவிட்டேன். சிப்பிப்பாறை இரண்டும் இந்தப் பதிலைப் படித்தால் சந்தோஷப்படும். ஜூலை 18க்கு ஸ்னாட்டி படம் போட மறக்காதீர்கள் அக்கா.

கிடைக்காரன்

நேற்று இரவு செவலை தம்பி சொன்ன அந்தக் காணொளியை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். நாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லா ஆட்டுக்கும் முன்னால் தனியாக ஒன்று போகிறதே, நெட்டையாக, கால் மெலிந்து, அதைக் காட்டி, “இது காயடிச்ச கிடா. இது போற பக்கந்தான் மத்தது எல்லாம் போகுது. நாய்க்குப் பாதி வேலை இதுதான் செய்யுது” என்றார். அக்கா, அப்படி ஏதாவது உண்டா?

வடகடல்

உங்கள் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன் என்று சொல்லுங்கள். இத்தனை பேர் பார்த்தோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை. அதற்கு முன்னோடி ஆடு என்றே அங்கே பெயர், தனி இனம். சாதாரண ஐஸ்லாந்து ஆட்டைவிட உயரம், ஒல்லி, இறைச்சி குறைவு. இறைச்சிக்காக யாரும் வளர்ப்பதில்லை, வழிகாட்டத்தான். காயடித்த கிடாக்களை அதற்கென்றே வைத்திருப்பார்கள். பனிப்புயல் வரப்போகிற நாளில் கொட்டிலைத் திறந்துவிட்டாலும் அது வெளியே கால் வைக்காதாம். அது நின்றால் பண்ணைக்காரர் அன்றைக்கு மற்ற ஆடுகளையும் அவிழ்க்கமாட்டார். அதற்கு ஒரு தனி இழை போடுகிறேன், அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.